வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லையா? கொல்லைப்புறத்திலிருந்து தொடங்குங்கள்

துவைத்து முடித்திருக்க வேண்டிய வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது; மூடியைத் திறந்தால் அழுக்குத் தண்ணீர் துணிக்கு மேலே நிற்கிறது. இந்த நிலையில் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது மெக்கானிக்கைக் கைப்பேசியில் அழைப்பதுதான். அவர் கும்பகோணத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ புறப்பட்டுக் கிராமத்துக்கு வந்துசேர இரண்டு மூன்று நாள் ஆகிவிடுகிறது. அதற்குள் ஊறிய துணியில் வாடை ஏறிவிடும். வந்தவர் ஐந்து நிமிடத்தில் ஒரு சேஃப்டி பின்னையோ ஒற்றை ரூபாய்க் காசையோ எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான், இதை நாமே பார்த்திருக்கலாமே என்று தோன்றும்.

வயலில் தண்ணீர் வடியவில்லை என்றால் நாம் யாரும் நடுவயலில் மண்வெட்டியைப் போடுவதில்லை. வடிவாய்க்காலின் கடைசி முனைக்குப் போய், எந்த இடத்தில் ஆகாயத்தாமரையோ நெய்வேலிக் காட்டாமணக்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே மேலே ஏறி வருகிறோம். வாஷிங் மெஷினுக்கும் அதே முறைதான் பொருந்தும். தண்ணீர் வெளியே விழும் முனையில் தொடங்கி, வடிகுழாய், அது மெஷினோடு சேரும் இடம், ஃபில்டர், வால்வு அல்லது பம்ப் என்று உள்நோக்கிப் போக வேண்டும். மின்சாரப் பகுதிகளைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வர வேண்டும். என் அனுபவத்தில், வடியாத மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு மெஷினைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

கை வைக்கும் முன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் உருவிவிட வேண்டும். மெஷினைச் சுற்றித் தரை நனைந்திருந்தால், அந்த ஈரத்தில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடாமல், மெயின் சுவிட்சையோ அந்த அறைக்குரிய பிரேக்கரையோ முதலில் இறக்கிவிட்டு, பிறகு உலர்ந்த கையோடு பிளக்கை எடுங்கள். மெஷினைத் தொடும்போது எப்போதாவது உள்ளங்கையில் சுருக்கென்று உணர்ந்திருந்தால், வடியாத தண்ணீரைவிட அது அவசரமான கோளாறு. எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியன் சரிபார்க்கும்வரை அந்த மெஷினை ஓட்டக் கூடாது.

சுடுதண்ணீரில் துவைக்கும் ஏற்பாடு உள்ள மெஷினாக இருந்தால் தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர் நிறைந்த மெஷினைச் சாய்க்கவோ இழுக்கவோ முயலாதீர்கள். ஐம்பது லிட்டர் தண்ணீர் என்றால் ஐம்பது கிலோ, அதாவது ஒரு சிறு நெல்மூட்டையின் கனம் மெஷினின் சொந்தக் கனத்தோடு சேர்ந்திருக்கிறது. உத்தரவாதக் காலம் முடியாத மெஷினில், கையால் திறக்கும்படி அமைந்த ஃபில்டர் மூடியைத் தவிர வேறெதையும் கழற்ற வேண்டாம்.

ஒரு வாளி, ஒரு மக், பழைய சாக்கு இரண்டு, ஒரு டார்ச், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர் ஆகியவை பக்கத்தில் இருந்தால் போதும். ஃபிரண்ட் லோடு மெஷினுக்கு இவற்றோடு விளிம்பு உயராத ஒரு தாம்பாளமும் தேவை. அதன் காரணத்தை அந்த இடத்தில் சொல்கிறேன்.

உங்கள் மெஷின் எந்த வகை?

நம் வீடுகளில் மூன்று வகை மெஷின்கள் இருக்கின்றன. இரண்டு தொட்டிகள் கொண்ட செமி ஆட்டோமேட்டிக், மேலே மூடி திறக்கும் டாப் லோடு, முன்பக்கம் வட்டக் கதவு உள்ள ஃபிரண்ட் லோடு. ஆனால் வடிவதைப் பொறுத்தவரை இரண்டே பிரிவுதான் முக்கியம்: தண்ணீர் தானாகத் தாழ்வை நோக்கி ஓடி வடியும் மெஷின், பம்ப் வைத்துத் தண்ணீரை வெளியே தள்ளும் மெஷின்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் பெரும்பாலானவையும், டாப் லோடு மெஷின்களில் பலவும் முதல் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றில் அடியில் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். அது திறந்தால் தண்ணீர் தன் கனத்தாலேயே இறங்கிப் போகும். ஆகவே வடிகுழாய் தரையோடு தரையாகக் கிடந்து, முனைவரை இறங்குமுகமாகவே இருக்க வேண்டும். ஃபிரண்ட் லோடு மெஷின்கள் எல்லாம் பம்ப் உள்ளவை. டாப் லோடு மெஷின்களில் சிலவும் அப்படியே. இவற்றில் வடிகுழாய் கீழிருந்து கிளம்பி மேலே ஏறி ஒரு வளைவு எடுத்துத்தான் இறங்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அந்த வளைவு தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்று கையேட்டில் குறிப்பிடுகின்றன. மெஷினோடு குழாயை வளைத்து மாட்டும் ஒரு பிளாஸ்டிக் கொக்கி தந்திருந்தால், அது பம்ப் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த வேறுபாடு தெரியாமல், பழைய டாப் லோடு மெஷினின் குழாயைப் பாத்ரூம் சுவரில் இரண்டடி உயரத்தில் உள்ள துளை வழியாக வெளியே விட்டுவிட்டு, மெஷின் பழுது என்று சொல்பவர்கள் உண்டு. பம்ப் இல்லாத மெஷின் இரண்டடி மேட்டை ஏறாது.

வடியவில்லையா, பிழியவில்லையா?

துணி சொட்டச் சொட்ட இருக்கிறது, ஆனால் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால், கோளாறு வடிவதில் இல்லை. ஒற்றை ஜமக்காளத்தையோ ஒன்பது கஜப் புடவை ஒன்றையோ தனியாகப் போட்டால், அது ஒரு பக்கமாகச் சுருண்டு கனம் சமமின்றிப் போவதால் மெஷின் பிழியும் வேகத்தை எடுக்க மறுத்துவிடும். துணியைப் பிரித்துப் பரப்பி, கூடவே இரண்டு துண்டுகளைப் போட்டு மீண்டும் பிழியவிட்டால் சரியாகிவிடும்.

நுரையும் இப்படி ஏமாற்றும். கையால் துவைப்பதற்கான சோப்புத்தூளை ஃபிரண்ட் லோடில் போட்டால் நுரை பொங்கி, பம்ப் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். அரைமணி நேரம் அணைத்து வைத்து நுரை அடங்கிய பிறகு, அலசும் சுற்றை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

தண்ணீர் உண்மையிலேயே நின்றால், திரை உள்ள மெஷின்கள் ஒரு குறியீட்டைக் காட்டும். எல்ஜியில் ஆங்கில எழுத்துகளில் 'ஓஇ' என்றும், சாம்சங்கில் '5இ' அல்லது '5சி' என்றும், பாஷில் 'இ18' என்றும் வருவது வடிகால் கோளாற்றுக்கான அடையாளம். இது தண்ணீர் போகவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. எங்கே அடைத்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. 'பம்ப் போய்விட்டது' என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

கொல்லை முனை

இப்போது வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். நம் பக்கத்து வீடுகளில் மெஷின் தண்ணீர் வாழை மரத்தடிக்கோ தென்னை மரத்துப் பாத்திக்கோ போகும். இல்லையென்றால் ஒரு பிவிசி குழாய் வழியாக உறிஞ்சு குழிக்கோ தெருச் சாக்கடைக்கோ போகும். குழாயின் முனை எதற்குள் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. முனை தேங்கிய தண்ணீருக்குள்ளோ சேற்றுக்குள்ளோ மூழ்கியிருந்தால், தானாக வடியும் மெஷினில் தண்ணீர் மெதுவாகக் கசியும், அல்லது நின்றேவிடும்.

கோடையில் ஒழுங்காக வடிந்த மெஷின் ஐப்பசியில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதற்கு இங்கேதான் விடை கிடைக்கும். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து, ஆறும் வாய்க்காலும் ஓடி, சுற்றிலும் வயலில் தண்ணீர் கட்டிய பிறகு நிலத்தடி நீர்மட்டம் மேலே வந்துவிடுகிறது. அதோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால், சித்திரையில் எவ்வளவு ஊற்றினாலும் குடித்த உறிஞ்சு குழி, கார்த்திகையில் ஒரு வாளித் தண்ணீரைக்கூட ஏற்காது. குழி நிரம்பினால் குழாய் நிரம்பும், குழாய் நிரம்பினால் மெஷின் நிற்கும். இதைச் சோதிக்க எளிய வழி, வடிகுழாயை அந்த பிவிசி குழாயிலிருந்து உருவி, முற்றத்திலோ கொல்லையிலோ திறந்த தரையில் போட்டு மெஷினை வடியவிடுவது. தண்ணீர் குபுகுபுவென்று வந்தால் மெஷின் நன்றாகவே இருக்கிறது. பார்க்க வேண்டியது உங்கள் குழியையும் குழாயையும். மழைக்காலம் முடியும்வரை தண்ணீரை மேட்டுப்பாங்கான பாத்திக்குத் திருப்பிவிடுவதைத் தவிர இதற்கு வேறு உடனடித் தீர்வு இல்லை.

அடுத்து, முனையை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். நன்னிலம் பக்கத்தில் இருக்கும் என் அத்தை சென்னையில் மகன் வீட்டில் ஒன்றரை மாதம் இருந்துவிட்டுத் திரும்பியதும், "தம்பி, மெஷின்ல தண்ணி போவ மாட்டேங்குது" என்று அழைத்தார். நான் போவதற்குள் ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, வால்வை இழுத்துத் திறக்கும் டிரெயின் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கொல்லைக்குப் போய்க் குழாய் முனையை எடுத்தேன். விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை உள்ளே, குழாயின் வட்டத்துக்குச் சரியாக, செம்மண் நிறத்தில் ஒரு மூடி. குளவி கூடு கட்டியிருந்தது. ஒரு குச்சியால் குத்தியதும் வெயிலில் காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதன் பின்னாலேயே, மூன்று நாளாக அங்கே நின்றிருந்த தண்ணீர் என் காலில் கொட்டியது. மோட்டாருக்கு ஒன்றும் இல்லை.

குளவியைத் தவிர, தேரை புகுந்து சிக்கிக்கொள்வதும், அறுவடைக்குப் பின் வயலைவிட்டு வீட்டுப்பக்கம் வரும் எலிகள் குழாயைக் கடித்து வைப்பதும் உண்டு. கடிபட்ட குழாயை டேப் சுற்றி ஓட்டுவது நான்கு நாள்கூடத் தாங்காது; மாற்றிவிடுவதே நல்லது. குழாய் முனையில் பஞ்சு சேகரிக்க வலையோ பழைய காலுறையோ கட்டியிருந்தால், அதையும் அவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கழுவாவிட்டால் அந்த வலையே அடைப்பாகிவிடுகிறது.

பிறகு குழாயின் நீளம் முழுவதையும் கையால் தடவிக்கொண்டே மெஷினை நோக்கி வாருங்கள். எங்காவது மடிந்திருக்கிறதா, மெஷினின் கால் மிதித்துக்கொண்டிருக்கிறதா, வாசற்படியையோ கட்டையையோ ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். நடுவில் தொய்ந்து கிடக்கும் இடத்தில்தான் வண்டல் படியும். நடவு, களை என்று வயலில் இறங்கிய துணியைச் சேறு போகாமல் மெஷினில் போட்டால், அந்தக் களிமண் முழுவதும் இந்தத் தொய்வில் வந்து தங்கிவிடும். குழாயை அந்த இடத்தில் அமுக்கிப் பார்த்தால் வெறும் குழாயைப்போல நெகிழாமல், மாவு நிறைந்த பைபோலக் கனமாக இருக்கும். குழாயைக் கழற்றி, கொல்லையில் உள்ள அடிபம்பிலோ மோட்டார் தண்ணீரிலோ ஒரு முனையிலிருந்து வேகமாகத் தண்ணீர் விட்டால் கெட்டித் தயிர்போல் கறுப்பாக வெளியே வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள்.

குழாய் நீளம் போதவில்லை என்று இன்னொரு குழாயைச் சேர்த்திருந்தால் அந்த இணைப்பைச் சந்தேகப்படுங்கள். உள்ளே செருகிய சிறு குழாயின் விளிம்பில் நூலும் முடியும் மாட்டிக்கொண்டு, நாளடைவில் ஒரு பஞ்சு உருண்டை வளர்ந்திருக்கும். இணைப்பு தேவையென்றால், வெளிக்குழாய் உள்குழாயைவிடப் பெரிதாக, தண்ணீர் சிறியதிலிருந்து பெரியதற்குள் விழும்படி அமைக்க வேண்டும்.

தேங்கிய தண்ணீரை இறக்குதல்

குழாயில் குறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் மெஷினுக்குள் பார்க்க வேண்டும். அதற்குமுன் உள்ளே இருக்கும் தண்ணீரை எடுத்தாக வேண்டும். மேலே திறக்கும் மெஷின்களில் துணியை எடுத்துவிட்டு மக்கால் மொண்டு ஊற்றுவதே போதும். விரைவாக வேண்டுமென்றால், ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் முழுவதும் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் கட்டைவிரலால் மூடி, ஒரு முனையைத் தொட்டிக்குள் ஆழ்த்தி, மறுமுனையைத் தாழ்வான வாளியில் விட்டுத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும். வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம். அது சோப்புத் தண்ணீர்.

செமி ஆட்டோமேட்டிக்

இந்த வகையில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பிழியும் தொட்டிக்குள் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். துவைக்கும் தொட்டியின் தண்ணீர் வால்வைத் தாண்டித்தான் வடிகுழாய்க்கு வருகிறது. பிழியும் தொட்டியின் தண்ணீரோ வால்வுக்கு அப்பால் நேராக அதே குழாயில் சேர்கிறது. ஆகவே பிழியும் தொட்டித் தண்ணீர் உடனே போய்விட்டு, துவைக்கும் தொட்டித் தண்ணீர் மட்டும் நின்றால், கோளாறு வால்விலோ அதை இழுக்கும் பட்டையிலோ இருக்கிறது. இரண்டுமே நின்றால், அல்லது வடியத் திருப்பியதும் தண்ணீர் பிழியும் தொட்டிக்குள் எழும்பி வந்தால், அடைப்பு அதற்குக் கீழே, குழாயில்தான்.

வால்வு என்று தெரிந்தால், முதலில் வடிகால் திருகியைத் துவைக்கும் நிலைக்கும் வடியும் நிலைக்குமாக மாற்றி மாற்றித் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒன்றை இழுப்பதுபோன்ற இறுக்கம் கையில் தெரிய வேண்டும். எந்த எதிர்ப்பும் இல்லாமல் திருகி வெறுமனே சுற்றினால், அதற்கும் வால்வுக்கும் இடையில் உள்ள பட்டை அறுந்துவிட்டது அல்லது கொக்கியிலிருந்து கழன்றுவிட்டது. இறுக்கம் இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால், வால்வின் வாயில் அடைப்பு இருக்கிறது.

பிளக் வெளியே இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, மெஷினின் பின்பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றுங்கள். உள்ளே மோட்டாரோடு சேர்ந்த உருளை வடிவக் கெபாசிட்டரின் வயர்களைத் தொடாதீர்கள். மின்சாரம் இல்லாதபோதும் அது அதிர்ச்சி கொடுக்கக்கூடும். வடிகுழாய் தொடங்கும் இடத்தில் கையால் திருகிக் கழற்றும்படி ஒரு வட்ட மூடி இருக்கும். அதைத் திறந்தால் ஸ்பிரிங்கோடு கூடிய ரப்பர் வால்வு கையோடு வரும். அதில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் பிரித்தெடுத்து, உப்பு படிந்திருந்தால் பிரஷால் தேயுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புத் தண்ணீரால் அந்த ரப்பர் விறைத்துப் போயிருப்பதைப் பார்க்கலாம். விறைத்த ரப்பரை மாற்றிவிடுங்கள். அறுந்த பட்டைக்குப் பதிலாக நைலான் கயிறு கட்டும் வழக்கம் உண்டு. அவசரத்துக்கு அது உதவும், ஆனால் நீளம் சற்றே பிசகினாலும் வால்வு முழுதாக மூடாமல், அடுத்த துவையலில் தண்ணீர் நிற்காமல் போகும் எதிர்க்கோளாறு வந்துவிடும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது குழப்பம் இராது.

டாப் லோடு

பிளக்கைச் செருகி, மூடியை மூடி, பிழியும் சுற்றை மட்டும் வைத்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள். தானாக வடியும் வகையில், சில நொடிகளில் 'டக்' என்ற ஓசையும் அதைத் தொடர்ந்து மெல்லிய ரீங்காரமும் வரும். டிரெயின் மோட்டார் வால்வை இழுக்கும் சத்தம் அது. சத்தம் வந்தும் தண்ணீர் வராவிட்டால் வால்வின் வாய் அடைத்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மோட்டாரிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ குறை. இந்த மோட்டார்தான் பல மெஷின்களில் பிழிவதற்கான கிளட்சையும் மாற்றிவிடுகிறது. எனவே அது கெட்டால் வடிவதும் பிழிவதும் சேர்ந்தே நிற்கும்.

இந்த வகையில் வால்வை எட்ட மெஷினைச் சாய்க்க வேண்டியிருக்கும் என்பதால், புதியவர்கள் அதைத் தனியே முயல வேண்டாம் என்பதே என் எண்ணம். தொட்டிக்குள் இருக்கும் பஞ்சு சேகரிக்கும் பையை மட்டும் பாருங்கள். அது கிழிந்திருந்தால், பிடிபட வேண்டிய பஞ்செல்லாம் இத்தனை நாளும் வால்வுக்குத்தான் போயிருக்கிறது.

ஃபிரண்ட் லோடு

விலை கூடிய மெஷின் என்பதால் தொடவே பயப்படுகிறார்கள். உண்மையில் வீட்டிலேயே சரிசெய்ய ஏதுவாக அமைக்கப்பட்டிருப்பது இதுதான். முன்பக்கம் கீழே, பெரும்பாலும் வலது ஓரத்தில், ஒரு சிறு கதவு இருக்கும். காசு முனையாலோ ஸ்க்ரூ டிரைவராலோ நெம்பினால் திறந்துகொள்ளும். உள்ளே ஒரு வட்டத் திருகு மூடி. அதுதான் பம்பின் ஃபில்டர். சில மெஷின்களில் அதன் பக்கத்தில் மூடியோடு ஒரு மெல்லிய ரப்பர் குழாயும் இருக்கும்.

தண்ணீர் நிற்கும்போது வட்டக் கதவு திறக்காது. அதை இழுத்துத் திறக்க முயன்றால் பூட்டுதான் உடையும். மெல்லிய குழாய் இருந்தால், அதை வெளியே இழுத்து, முனையைத் தாம்பாளத்தில் வைத்து மூடியை எடுங்கள். அந்த இடம் தரையிலிருந்து நான்கு விரல் உயரம்கூட இருக்காது என்பதால் வாளி அடியில் நுழையாது. தாம்பாளம் கேட்டது இதற்காகத்தான். நிரம்பியதும் மூடியைப் போட்டுவிட்டுத் தாம்பாளத்தைக் கொட்டிவிட்டு வந்து மறுபடி திறக்க வேண்டும். முழுதும் தேங்கியிருந்தால் பத்துப் பதினைந்து லிட்டர் வரக்கூடும் என்பதால் பொறுமை வேண்டும். குழாய் இல்லாத மெஷினில், ஃபில்டரையே அரைச்சுற்று மட்டும் இடப்பக்கமாகத் தளர்த்திக் கசியவிட்டு, தாம்பாளம் நிறைந்ததும் இறுக்கி, இப்படியே மாற்றி மாற்றிச் செய்யலாம். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கூடம் முழுவதும் தண்ணீர்தான். அதையும் நான் ஒரு முறை செய்திருக்கிறேன்.

தண்ணீர் வருவது நின்றதும் ஃபில்டரை முழுதும் கழற்றி எடுங்கள். முதன்முறை திறப்பவர்களுக்கு அதில் இருப்பது வியப்பாக இருக்கும். எங்கள் வீட்டு ஃபில்டரில் ஒரு முறை கிடைத்தவை: ஊறிப் பருத்த நெல் ஏழெட்டு, ஒரு ஹேர்பின், பள்ளிச் சட்டைப் பொத்தான் ஒன்று, அப்பாவின் சட்டைப் பையிலிருந்து வந்த சீவல் துணுக்குகள், கோயிலில் கொடுத்த திருநீற்றுப் பொட்டலத்தின் காகிதம் கூழாகிப்போன ஒரு சாம்பல்நிற உருண்டை. எல்லாவற்றையும் தலைமுடி ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது.

ஃபில்டரைக் குழாயடியில் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஃபில்டர் இருந்த துளைக்குள் டார்ச் அடித்தால், ஆழத்தில் சிறு விசிறி போன்ற இறக்கை தெரியும். மரக்குச்சியால் அதைச் சுற்றிப் பாருங்கள். அது வழவழவென்று சுற்றாமல், தடுக்கித் தடுக்கி, படிப்படியாகத்தான் திரும்பும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. இதைப் பழுது என்று நினைத்துப் புது பம்ப் வாங்கியவர்கள் உண்டு. அறவே அசையாமல் இருந்தால் ஏதோ சிக்கியிருக்கிறது. உடைந்த கண்ணாடியோ ஊசியோ இருக்கலாம் என்பதால் வெறும் விரலை நீட்டாமல் டார்ச் வைத்துப் பார்த்து எடுங்கள். இறக்கைகளில் ஒன்று உடைந்திருந்தாலோ, எந்தத் தடையும் இல்லாமல் தளர்வாகச் சுற்றினாலோ பம்பை மாற்ற வேண்டும்.

திரும்ப மாட்டும்போது, ஃபில்டரின் மரையிலும் ரப்பர் வளையத்திலும் ஒரு நூல்கூட ஒட்டியிருக்கக் கூடாது. வலப்பக்கமாக நிற்கும்வரை திருகி, மெல்லிய குழாயை மூடி உள்ளே வைத்துவிட்டு, சோப்புப் பெட்டி வழியாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஃபில்டரடியில் கசிகிறதா என்று பாருங்கள். கசியவில்லை என்று உறுதியான பிறகே பிளக்கைச் செருகி, வடியும் சுற்றை மட்டும் ஓட்ட வேண்டும்.

இதற்கும் மேல் என்றால்

அடைப்பு எதுவும் இல்லாதபோது பம்ப் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே தண்ணீரைத் தள்ளாமல் இருந்தால், முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும் நேரத்தில் விளக்கு மங்கும் ஊர்களில், பம்பும் டிரெயின் மோட்டாரும் திணறும். இரவில் மின்னழுத்தம் சரியான பிறகு அதே மெஷின் ஒழுங்காக வடிந்தால், உங்களுக்குத் தேவை ஸ்டெபிலைசர்.

பம்பில் சத்தமே இல்லை, கருகிய வாடை வருகிறது, பிளக்கைப் போட்டதும் பிரேக்கர் விழுகிறது, தண்ணீர் முழுதும் போன பிறகும் மெஷின் வடிகால் கோளாறு என்றே காட்டுகிறது: இந்த நான்கும் மெக்கானிக்கின் வேலை. கடைசியில் சொன்னதற்கு, தண்ணீர் மட்டத்தை அறியும் சென்சாரோ அதற்குப் போகும் மெல்லிய காற்றுக்குழாயோ காரணமாக இருக்கலாம். அவரை அழைக்கும்போது 'தண்ணீர் போகவில்லை' என்று மட்டும் சொல்லாமல், மாடல் எண்ணையும், குழாயையும் ஃபில்டரையும் சுத்தம் செய்துவிட்டதையும், பம்பில் சத்தம் வருகிறதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். அவர் சரியான உதிரிப்பாகத்தோடு வருவார்; இரண்டாவது பயணம் மிச்சம். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதை வாங்கிப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

மறுபடி அடைக்காமல் இருக்க

துணியைப் போடும் முன் பைகளைத் துழாவுவதும், வேட்டி மடிப்பையும் பாவாடை நாடாவையும் உதறிப் பார்ப்பதும், களத்திலிருந்து வந்த துணியை உதறி, சேற்றுத் துணியை அடிபம்பில் ஒரு முறை அலசிவிட்டுப் போடுவதும் பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும். வேட்டிக்குக் கஞ்சி போடுவதை மெஷினுக்குள் செய்யாதீர்கள். வடிகஞ்சியில் வரும் இரண்டு பருக்கை சோறு போதும், வால்வின் வாயில் பசைபோல் ஒட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். கஞ்சியை வடிகட்டி, வாளியில் முக்கிக் கையால் பிழிந்து காயப்போடுவதே நல்லது. மொடமொடப்பும் அதில்தான் வரும்.

ஃபிரண்ட் லோடு ஃபில்டரை மாதம் ஒரு முறை திறந்து கழுவுங்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில், கையேடு அனுமதித்தால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை துணி இல்லாமல் எலுமிச்சை உப்பு போட்டு ஒரு சுற்று ஓட்டலாம். ஆனால் அன்றைக்குப் பிளீச்சிங் பவுடரோ பிளீச் கலந்த திரவமோ அதில் சேரக் கூடாது, இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

ஊருக்குப் போகும்போது வடிகுழாய் முனையை ஒரு துண்டுத் துணியால் கட்டிவிட்டுப் போனால் குளவியும் தேரையும் அண்டாது. என் அத்தை இப்போது அப்படித்தான் செய்கிறார். முதல் முறை திரும்பி வந்தபோது கட்டை அவிழ்க்க மறந்து, மறுபடி என்னை அழைத்தார். இப்போது ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம், மெஷின் மூடிமேல் ஒரு காகிதத்தில் 'கொல்லையில் துணி அவிழ்க்கவும்' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார்.